இதை எங்கே கண்டாய்? கத்தோலிக்கப் பாடசாலை நூலகத்துக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

சாவி உங்கள் கைக்கு வந்த முதல் வாரத்தில் எந்த வகுப்பையும் நூலகத்துக்குள் அழைக்காதீர்கள். அதிபர் அவசரப்படுத்தினாலும் ஒரு வாரம் அவகாசம் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்கு நூல்களில் தேடவும், கண்டதை எங்கே கண்டது என்று சொல்லவும் கற்பிக்கத் தொடங்குமுன், அந்த ஒரு வாரமும் நீங்கள் தனியே அலுமாரிகளோடு இருக்க வேண்டும்.

கொழும்பில் தமிழ்மொழிப் பிரிவுள்ள கத்தோலிக்கப் பாடசாலை நூலகங்கள் பலவற்றில் ஒரே காட்சிதான். ஆங்கில நூல்கள் சுவர் முழுவதும் இருக்கும். அவற்றில் பாதி, பழைய மாணவர் யாரோ வீடு மாறும்போது அனுப்பிவைத்தவை. சிங்கள நூல்கள் ஓரளவு இருக்கும். தமிழ் நூல்கள் இரண்டு மூன்று தட்டுகளில் அடங்கிவிடும். அவற்றிலும் செபப் புத்தகங்களும் நவநாள் கையேடுகளும் கணிசமான இடத்தைப் பிடித்திருக்கும். நல்ல நூல்கள் பூட்டிய கண்ணாடி அலுமாரியில் இருக்கும். அந்தப் பூட்டை முதல் நாளே திறந்துவிடுங்கள். பிள்ளையின் கை படாத நூலால் பாடசாலைக்கு ஒரு பயனும் இல்லை.

பிறகு, அடுத்த தவணையில் ஒப்படை கொடுக்கவிருக்கும் தலைப்புகளைப் பாட ஆசிரியர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் தமிழில் குறைந்தது இரண்டு நூல்களாவது உங்கள் தட்டில் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தலைப்பை மாற்றச் சொல்லுங்கள். நூல் இல்லாத தலைப்பில் ஒப்படை கொடுப்பதும், ‘எங்கிருந்தாவது படியெடுத்து வா’ என்று பிள்ளையிடம் சொல்வதும் ஒன்றுதான். இதைப் பாட ஆசிரியர்களிடம் சொல்லச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதல் பாடம்: தட்டில் வேண்டாம், திருவிவிலியத்தில்

நான் தொடங்கிய ஆண்டில் தரம் 6 பிள்ளைகளுக்கு முதல் பாடவேளையிலேயே, நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி தசமப் பகுப்பைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். நாற்பது நிமிடம் முடிந்தபோது அவர்கள் மனத்தில் நின்றது ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். ‘மத்தேயு 5:3’ என்று சொன்னால் மறைக்கல்விக்குப் போகும் எந்தப் பிள்ளையும் அரை நிமிடத்தில் அந்த வரியில் விரல் வைத்துவிடும். நூல், அதிகாரம், வசனம் என்று ஒரு வரிக்கு முகவரி சொல்வதும், முகவரியைக் கொண்டு வரியைக் கண்டுபிடிப்பதும் அவர்களுக்குக் கைவந்த பழக்கம். மேற்கோள் காட்டுவதற்கு அடிப்படை இதுதானே.

ஆகவே முதல் பாடவேளையைத் திருவிவிலியத்தோடு தொடங்குங்கள். பைபிள் என்ற சொல்லின் கிரேக்க வேர் ‘நூல்கள்’ என்று பன்மையில் பொருள் தருகிறது என்று சொல்லுங்கள். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73 நூல்கள். அதாவது அவர்கள் கையில் இருப்பதே ஒரு சிறு நூலகம். பொருளடக்கத்தைத் திறந்து அது எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். சட்டநூல்கள் ஒருபுறம், வரலாறு ஒருபுறம், இறைவாக்கினர் ஒருபுறம், திருமுகங்கள் ஒருபுறம் என்று அவர்களே சொல்வார்கள். பகுப்பு என்றால் என்ன என்பதை இதைவிட எளிதாக விளக்கும் வழியை நான் இதுவரை காணவில்லை.

இன்னொன்றையும் இந்தப் பாடத்திலேயே காட்டிவிடலாம். ‘ஆண்டவரே என் ஆயர்’ என்ற திருப்பாடல் இன்றைய பதிப்பில் 23ஆவது. வுல்காத்தா என்னும் இலத்தீன் மரபைப் பின்பற்றிய எண்வரிசையில் அது 22ஆவது. வீட்டில் பாட்டியின் பழைய நூல் இருந்தால் கொண்டுவரச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் வாசிப்பவர் வழிதவறிப் போவார் என்பது பிள்ளைகளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிடும். மேற்கோளில் பதிப்பும் ஆண்டும் ஏன் வேண்டும் என்று பிறகு தனியாக விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது: எண்களைக் காலால் கற்பது

இப்போது தட்டுக்குப் போகலாம். மெல்வில் தூயி 1876இல் வெளியிட்ட பகுப்பைப் பத்து வகுப்புகளாக ஒப்புவிக்கச் சொல்ல வேண்டாம். சமயத்துக்குரிய 200 என்ற ஒரே பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நூலகத்தில் நிச்சயமாக நிறைந்திருப்பது அதுதான். 220 திருவிவிலியம், 242 செப நூல்கள், 282 கத்தோலிக்கத் திருச்சபை, 294.3 பௌத்தம், 294.5 இந்து சமயம், 297 இஸ்லாம். ஆளுக்கொரு எண்ணைத் துண்டில் எழுதிக் கொடுத்து, நூலைக் கொண்டுவராமல் அதன் முன்னே போய் நிற்கச் சொல்லுங்கள். எல்லோரும் நின்ற பிறகு ஒவ்வொருவராக ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று சொல்லட்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 294.34 முதலில் வருமா, 294.5 முதலில் வருமா? பெரும்பாலான பிள்ளைகள் 34 பெரிது, 5 சிறிது என்று நினைத்து 294.5ஐ முன்னால் வைப்பார்கள். புள்ளிக்குப் பின்னால் இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும். 3 முந்தியது, 5 பிந்தியது. கணித ஆசிரியரோடு பேசி, தசமம் கற்பிக்கும் அதே வாரத்தில் இதை வைத்துக்கொண்டால் இரண்டு பாடமும் பிழைத்துக்கொள்ளும். தமிழ் இலக்கியம் 894.811, இலங்கை வரலாறு 954.93, இந்த இரண்டு எண்களை மட்டும் மனனம் செய்யச் சொல்லலாம், அவ்வளவு அடிக்கடி தேவைப்படும்.

கூர்மையான பிள்ளை ஒருத்தி கேட்பாள்: ‘டீச்சர், கிறிஸ்தவத்துக்கு 220 தொடங்கி இத்தனை எண்கள், மற்றச் சமயங்கள் எல்லாவற்றுக்கும் 290 மட்டுந்தானா?’ கேள்வியை மழுப்பாதீர்கள். ஆம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் அமெரிக்கர் தம் கல்லூரி நூலகத்தை மனத்தில் வைத்து அமைத்த ஒழுங்கு அது. ஒழுங்குபடுத்துபவரின் பார்வை ஒழுங்கிலும் படியும் என்று சொல்லுங்கள். அதே மூச்சில், சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை நடத்திய எஸ். ஆர். இரங்கநாதன் வேறொரு பகுப்பு முறையை 1933இல் தந்தார் என்பதையும் சொல்லுங்கள். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் எழுதியவரும் அவர்தான். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது அவற்றில் முதலாவது. கண்ணாடி அலுமாரியைத் திறக்கச் சொன்னபோது நான் நினைத்துக்கொண்டது அதைத்தான்.

உங்கள் வகுப்பில் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பார்கள். 294.5இலும் 297இலும் வெறுமனே இரண்டு மெலிந்த கையேடுகள் கிடந்தால், அந்தப் பிள்ளைகள் தங்கள் எண்ணின் முன்னே நிற்கும்போது என்ன உணர்வார்கள்? கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏட்டையும் பிற சமயங்கள் பற்றிய ஏட்டையும் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்டோபர் 28 என்ற ஒரே நாளில்தான் வெளியிட்டது. நிர்வாகத்திடம் நூல் வாங்கப் பணம் கேட்கும்போது இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது: ஒரே ஆளுக்கு நான்கு பெயர்

தேடற்சொல்லைப் பற்றி ஆங்கிலக் கையேடுகள் சொல்வது நமக்குப் போதாது. தமிழ்க் கத்தோலிக்க நூல்களில் தேடும் பிள்ளைக்குத் தனியான ஒரு சிக்கல் இருக்கிறது. இன்று பேதுரு என்று எழுதுகிறோம். பழைய நூலில் இராயப்பர். பவுல் அங்கே சின்னப்பர். யோவான் அருளப்பர். யோசேப்பு சூசையப்பர், பள்ளிப் பதிவேட்டிலோ ஜோசப். யாக்கோபு சில ஊர்களில் சந்தியாகு. பிரான்சிஸ் சேவியர் சவேரியார். ‘பேதுரு’ என்று மட்டும் தேடிய பிள்ளை, பழைய நூலின் சொல்லடைவில் ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்துவிடும். நூலில் இருக்கிறார், வேறு பெயரில் இருக்கிறார்.

இதற்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குங்கள். ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரித்து, தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று தலைப்பிட்டு, தேடும் பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொன்னால் அம்மம்மாமார் அள்ளிக் கொடுப்பார்கள். அதே முறையில் ஊர்ப் பெயர்களும் வரட்டும். கொம்பனித்தெருவை ஆங்கில நூலில் தேடுகிற பிள்ளைக்கு ஸ்லேவ் ஐலண்ட் என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டும். இலங்கையை ஈழம் என்றும் சிலோன் என்றும் எழுதிய நூல்கள் எத்தனை! இந்தத் தாளைத் தேடலுக்கு முன் நிரப்புவது பழக்கமாகிவிட்டால், பாதித் தேடல் முடிந்தது.

நூலின் பின்னால் சொல்லடைவு இருக்கிறது என்பதே பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. அகரவரிசையில் பயிற்சி கொடுங்கள். தமிழ் நூல்கள் பலவற்றில் சொல்லடைவே இருக்காது. அப்போது பொருளடக்கமும் இயல் தலைப்புகளும்தான் துணை.

நான்காவது: தலைப்பைக் கேள்வியாக்குவது

‘புனித யோசப் வாஸ்’ என்பது தலைப்பு. அதைக் கொடுத்தால் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, படம், முடிவுரை என்று நாற்பது பிள்ளைகளும் ஒரே ஒப்படையைத் தருவார்கள். ‘ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில் அவர் எப்படி இலங்கைக்குள் வந்தார்?’ என்பது கேள்வி. கேள்வி கையில் இருந்தால், எந்தப் பக்கத்தை வாசிப்பது, எதைத் தாண்டுவது என்று பிள்ளைக்கே தெரியும். அவர் 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தது முதல், திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தது வரை எத்தனையோ கேள்விகள் எழுப்பலாம். ‘எப்படி’, ‘ஏன்’, ‘யார் சொன்னார்’ என்று தொடங்கும் கேள்விகளை மட்டுமே ஏற்றுக்கொள்வேன் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாவது: குறிப்பட்டை

தபாலட்டை அளவுக்கு வெட்டிய தடித்த தாள் போதும். ஓர் அட்டையில் ஒரே செய்தி. மேலே கேள்வி, நடுவே செய்தி, பிள்ளையின் சொந்தச் சொற்களில், கீழே ஆசிரியர், நூல், பதிப்பு, ஆண்டு, பக்கம். கீழ்ப்பகுதியை முதலில் எழுத வேண்டும், செய்தியைப் பிறகு. வரிசை மாறினால் கீழ்ப்பகுதி வெறுமையாகவே கிடக்கும்; இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

சொந்தச் சொற்களில் எழுத வைப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி: பத்தியை வாசி, நூலை மூடு, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல், பிறகு எழுது. நூல் திறந்திருக்கும்வரை கை படியெடுக்கும். மூடச் சொல்லுங்கள்.

படியெடுப்பதைப் பற்றிக் கண்டிப்பாகப் பேச வேண்டும். ஆனால் மதிப்பெண் குறையும் என்று மிரட்டுவதாக அது இருக்கக்கூடாது. கத்தோலிக்க எண்வரிசைப்படி எட்டாம் கட்டளை, பொய்ச் சான்று சொல்லாதே என்பது. பிறர் எழுதியதைத் தான் எழுதியதாகக் கொடுப்பதும், வாசிக்காத நூலை வாசித்ததாகப் பட்டியலில் போடுவதும் பொய்ச் சான்றுதான். லூக்கா நற்செய்தியின் முதல் நான்கு வசனங்களை அந்தப் பாடவேளையில் வாசியுங்கள். தமக்கு முன்பே பலர் எழுதியிருப்பதையும், கண்ணால் கண்டவர்கள் ஒப்படைத்ததையும், தாம் தொடக்கத்திலிருந்து யாவற்றையும் ஆய்ந்து பார்த்ததையும் லூக்கா சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். இந்த நேர்மையைத்தான் நான் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கிறேன். மேற்கோள் வடிவம் எந்த ஒழுங்கில் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. ‘இதை எங்கே கண்டாய்?’ என்று கேட்டால் தயங்காமல் பதில் வரவேண்டும்.

ஆறாவது: இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால்

தரம் 9க்கு மேல் இதைத் தொடங்கலாம். சிலுவையின்மேல் எழுதப்பட்டிருந்த வாசகத்தை நான்கு நற்செய்திகளிலும் தேடச் சொல்லுங்கள்: மத்தேயு 27:37, மாற்கு 15:26, லூக்கா 23:38, யோவான் 19:19. நான்கும் சொல்லுக்குச் சொல் ஒன்றல்ல. எது நான்கிலும் பொதுவாக இருக்கிறது, எது ஒருவரிடம் மட்டும் இருக்கிறது என்று அட்டவணை போடட்டும். அது மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருந்தது என்று அடுத்த வசனத்தில் யோவான் சொல்வதை, மும்மொழிப் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே வளரும் கொழும்புப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். இந்தப் பாடத்தைச் சமய ஆசிரியரோடு சேர்ந்து நடத்துங்கள். பிள்ளை வீட்டுக்குப் போய் ‘நற்செய்தியில் பிழை என்று டீச்சர் சொன்னார்’ என்று சொல்லும் நிலை வரக்கூடாது.

உயர்தர மாணவரோடு இன்னும் கடினமான ஓர் உதாரணத்தை எடுத்திருக்கிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. குண்டுவெடிப்புகளில் இறந்தோர் தொகை 359 என்று முதலில் அறிவிக்கப்பட்டு, அதே வாரத்தில் ஏறத்தாழ 253 என்று குறைத்துத் திருத்தப்பட்டது. முதல் சில நாள் செய்தித்தாளை மட்டும் பார்த்த ஆய்வாளர் தவறான எண்ணை எழுதிவிடுவார். செய்தி வெளியான திகதி ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் நகரத்தில் இல்லை. ஆனால் குண்டு வெடித்த ஆலயங்களில் ஒன்று இருக்கும் கொச்சிக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிற பாடசாலையில் இதைத் தொடும் முன் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். அந்த வகுப்பில் உறவினரை இழந்த ஒரு பிள்ளை இருந்தால் வேறு உதாரணத்தை எடுங்கள். எண்களைச் சரிபார்க்கக் கற்பிக்க வேறு வழிகள் இருக்கின்றன.

ஏழாவது: வாசலுக்கு வெளியே

ஆண்டுக்கு ஒரு முறையாவது வெளியே அழைத்துப் போங்கள். விகாரமகாதேவி பூங்காவை அடுத்த கொழும்புப் பொது நூலகம் 1925இல் தொடங்கியது. பூங்காவுக்கு அருகிலேயே தேசிய அருங்காட்சியகமும் இருக்கிறது. அதே கொழும்பு 7இல் தேசிய நூலகமும் தேசிய சுவடிகள் கூடமும் இருக்கின்றன. நாற்பது பேரை ஒரேயடியாகக் கொண்டுபோகாதீர்கள். பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு கேள்வி, அதிபரின் கடிதம், முன்கூட்டியே ஒரு தொலைபேசி அழைப்பு. கேள்வி இல்லாமல் வரும் பிள்ளைக்கு அது பூங்காச் சுற்றுலா ஆகிவிடும். தமிழ் நூல்களுக்கென்றால் வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போங்கள். சங்கம் 1942இல் தொடங்கியது. நமது தட்டில் இல்லாத எத்தனையோ நூல்கள் அங்கே உண்டு.

போக முடியாத நாளில் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இருக்கிறது. 2005இல் தொடங்கிய இந்த முயற்சி, ஈழத்துத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள் என்று யாவற்றையும் இலவசமாக வாசிக்கத் தருகிறது. அவற்றில் பல, பக்கங்களைப் படமாக எடுத்த கோப்புகள். உள்ளே ஒரு சொல்லைத் தேடினால் அகப்படாது. நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் கொண்டு தேடி, பொருளடக்கத்தைப் புரட்டித்தான் போக வேண்டும். மேலே கற்பித்த பழக்கம் அங்கேயும் உதவும். ஒரு சாதாரண பாடசாலை மலரை ஏன் இவ்வளவு சிரமப்பட்டு எண்ணிமப்படுத்துகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டால், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதைச் சொல்லுங்கள்.

உயர்தரப் பிள்ளைகளுக்குத் தனிநாயகம் அடிகளாரின் கதையையும் சொல்வேன். கரம்பொனில் பிறந்து, கொழும்பு புனித பேர்னாட் குருமடத்தில் படித்தவர். 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். யாரோ ஒருவர் அந்த நூலை வரிசைப்படுத்தித் தட்டில் வைத்திருந்ததாலும், தேடத் தெரிந்த ஒருவர் அங்கே போனதாலும் அது நமக்குத் திரும்பக் கிடைத்தது. தட்டு அடுக்கும் பணியில் உதவ வரும் மாணவ நூலகர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அடுக்கும் கை மாறும்.

இணையத்தைத் தடைசெய்யத் தேவையில்லை. விக்கிப்பீடியாவை வாசிக்கட்டும், ஆனால் கட்டுரையின் அடியில் உள்ள சான்றுகளில் ஒன்றையாவது திறந்து பார்த்த பிறகே குறிப்பட்டை எழுதலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத நூலுக்கும் பெயர், ஆசிரியர், ஆண்டு எல்லாம் எழுதிக் கொடுத்துவிடும். அதனால் என் விதி ஒன்றே: கையில் பிடிக்காத, அல்லது திரையில் பக்கத்தைத் திறந்து பார்க்காத எந்த நூலும் பட்டியலில் வரக்கூடாது.

மதிப்பெண்

தெருமுனைக் கணினிக் கடையில் அச்சிட்டு, வண்ண அட்டை போட்டுச் சுருள் கம்பியில் கட்டிய ஒப்படை வரும். அதன் அழகுக்கு ஒரு மதிப்பெண்ணும் கொடுக்காதீர்கள். மொத்தத்தில் பாதியைக் குறிப்பட்டைகளுக்குக் கொடுங்கள். மீதியில் ஒரு பங்கை, மூன்று நிமிட நேர்முகத்துக்கு வையுங்கள். ஓர் அட்டையை உருவி எடுத்து, அந்த நூலைத் தட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு மூன்று பாடவேளை செலவாகும். செலவிடுங்கள்.

தவணை முடிந்ததும் அட்டைகளை எறிந்துவிடாதீர்கள். சப்பாத்துப் பெட்டியொன்றில் கேள்விவாரியாக அடுக்கி, உங்கள் மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் வகுப்புக்கு முதல் வேலையாக ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்து, அதில் சொன்ன நூலில், சொன்ன பக்கத்தில், சொன்ன செய்தி இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லுங்கள். சரியென்றால் மூலையில் தன் பெயரின் முதலெழுத்தை எழுதட்டும். தவறென்றால் திருத்தி, திகதி இட்டுத் திரும்ப வைக்கட்டும்.